நாய் தின்ற நாவல், நெருப்பு தின்ற நாவல்: கையெழுத்துப் பிரதிகள் பட்ட பாடு

#1 பழுப்புத்தாள்

தலைப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேதான் உள்ளே வந்திருப்பீர்கள். சிரிக்கலாம். ஆனால் நாய் சமாசாரம் நிஜம்.

1936 மே மாதம். ஜான் ஸ்டைன்பெக் ஒரு சின்ன நாவல் எழுதிக்கொண்டிருக்கிறார். மறு வருஷம் 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' என்று வந்ததே, அதுதான். வீட்டில் டோபி என்று ஒரு செட்டர் நாய்க்குட்டி. ஒரு ராத்திரி அதைத் தனியாக விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். வந்து பார்த்தால் பிரதியில் கிட்டத்தட்டப் பாதி சுக்குநூறு. வேறு நகல் கிடையாது. இரண்டு மாத உழைப்பைத் திரும்பச் செய்யவேண்டும்.

இதை அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். கோபம் வந்ததாம். ஆனாலும், பாவம், அந்தக் குட்டி விமர்சன நோக்கத்தோடுதான் செய்ததோ என்னவோ என்கிறார். ஈ அடிக்கும் மட்டையால் வழக்கமான தண்டனை, அவ்வளவுதான். நன்றாக இருக்கிறதா என்று தனக்கே நிச்சயமில்லாத ஒரு பிரதிக்காக நல்ல நாயைக் கெடுத்துவைப்பானேன் என்று எண்ணினாராம்.

நாவலாசிரியர்களைப் பற்றித் துணுக்கு கேட்டால் எல்லோரும் பிறந்த ஊர், புனைபெயர், எத்தனை கோடி பிரதி விற்றது என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அதெல்லாம் இங்கே வேண்டாம். பிரதி தொலைந்த, எரிந்த, கிழிந்த, தப்பித்த கதைகள் மட்டும் போடுங்கள். பிள்ளையார் சுழி நான் போட்டாயிற்று.


#2 மைக்கூடு

அருமை பழுப்பு. நாய்க் கணக்கில் இன்னொன்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜாக் கெரோவாக்கின் 'ஆன் தி ரோட்'. 1951 ஏப்ரலில் மூன்றே வாரத்தில், பத்தி கூடப் பிரிக்காமல், 120 அடி நீளச் சுருளில் தட்டச்சு செய்தார். தாள் மாற்றும் நேரம்கூட வீணாகக் கூடாது என்று டெலிடைப் (தந்திச் செய்திகளை அச்சடிக்கும் கருவி) காகித உருளையை இயந்திரத்தில் சொருகிவிட்டார். அந்தச் சுருளின் கடைசிப் பகுதி இப்போது இல்லை. நண்பர் லூசியன் காரின் நாய் தின்றுவிட்டது!


#3 சந்தேகச்சாமி

வந்துட்டேன்.

பழுப்பு சொன்னது சரி, கடிதம் இருக்கு. மைக்கூடு சொன்னதுல பாதிதான் தேறும். அது டெலிடைப் உருளை இல்ல. மெல்லிசான நீளத் தாள்களை அளவா வெட்டி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிச் செஞ்ச சுருள். டெலிடைப்ங்கிறது பிற்பாடு பரவின புராணம். மூணு வாரமும் அப்படித்தான். தட்டச்சு செஞ்சது மூணு வாரம், சரி. அதுக்கு முன்னால வருஷக்கணக்கா குறிப்பேடுகள்ல எழுதி வெச்சிருந்தார். 1957ல புத்தகமா வந்தபோது சுருளை அப்படியே அச்சடிக்கவும் இல்ல, திருத்தி எழுதின வடிவம்தான் வந்துச்சு.

நாய் சாப்பிட்டதுக்கு என்ன ஆதாரம்? 'வீட்டுப்பாடத்தை நாய் தின்னுடுச்சு சார்' மாதிரி இருக்கு.

இந்த இழைக்கு ஒரு விதி போடலாம்னு நினைக்கிறேன். கடிதம், நாட்குறிப்பு, கூட இருந்தவங்க சாட்சி, இல்லேன்னா பிரதியே. இதுல ஒண்ணாவது இருக்கணும். இல்லாட்டி இந்த மாதிரி இழையெல்லாம் ரெண்டு நாள்ல ஹெமிங்வேயோட 'ஆறு வார்த்தைக் கதை'யில போய் முடியும். விற்பனைக்குக் குழந்தைக் காலணின்னு ஒண்ணு சுத்துதே, அது. பந்தயத்துக்கு எழுதினாராம். அவர் 1961ல செத்துப்போனார். அவர் பேரோட அந்தக் கதை அச்சுல தலைகாட்டினது அதுக்கு ரொம்பப் பின்னாடி. அதே தொனியில செய்தித்தாள் விளம்பரங்கள் அவர் சின்னப் பையனா இருந்தப்பவே வந்திருக்கு.


#4 இரவுவாசகி

ஹெமிங்வே பெயர் வந்ததால் சொல்கிறேன். ஆறு வார்த்தைக் கதை பொய்தான், ஆனால் அவர் வாழ்க்கையில் நிஜமாகவே ஒரு பெட்டி தொலைந்தது. இந்த இழைக்கு அதுதான் பொருத்தம்.

1922 டிசம்பர். லோசான் நகரில் சமாதான மாநாடு, ஹெமிங்வே செய்தியாளராகப் போயிருக்கிறார். மனைவி ஹாட்லி பாரீஸிலிருந்து கிளம்பி அங்கே வருவதாக ஏற்பாடு. விடுமுறையில் உட்கார்ந்து திருத்துவார் என்று அவர் எழுதியவற்றையெல்லாம் ஒரு கைப்பெட்டியில் அடுக்கினாள். கையெழுத்துப் பிரதி, தட்டச்சுப் பிரதி, கார்பன் நகல் எல்லாமே! அடுத்தடுத்த உறைகளில் ஒழுங்காக. 'கார் த லியோன்' ரயில் நிலையத்தில் பெட்டி திருடு போனது. போனது போனதுதான், இன்றுவரை கிடைக்கவில்லை.

லோசானில் இறங்கியவள் என்ன ஆயிற்று என்று சொல்ல வாய் வராமல் அழுதுகொண்டே இருந்தாளாம். கார்பன் நகலும் போயிருக்கும் என்பதை நம்ப முடியாமல் அவர் ரயிலேறிப் பாரீஸுக்குப் போய் அலமாரியைத் திறந்து பார்த்தார்.

இரண்டு கதைகள் தப்பின. அதில் ஒன்று தப்பிய விதம்தான் வேடிக்கை. 'அப் இன் மிச்சிகன்' கதையை கெர்ட்ரூட் ஸ்டைன் படித்துவிட்டு, இதை வெளியே காட்டவே முடியாது, வரவேற்பறையில் மாட்ட முடியாத ஓவியம் மாதிரி என்று சொல்லியிருந்தார். அதனால் அது எங்கோ ஒரு இழுப்பறை மூலையில் ஒதுக்கப்பட்டுக் கிடந்தது, பெட்டிக்குள் போகவில்லை. நல்ல கதைகளெல்லாம் திருடனோடு போக, திட்டு வாங்கியது பிழைத்துக்கொண்டது. இன்னொன்று, 'மை ஓல்ட் மேன்', ஒரு பத்திரிகை ஆசிரியரின் பரிசீலனைக்காகத் தபாலில் போயிருந்தது.


#5 ஓரக்குறிப்பு

அன்பர்களுக்கு வணக்கம். நீண்ட நாட்களாக வாசித்துவருகிறேன், எழுதுவது இன்றுதான்.

தாமஸ் கார்லைல் தமது பிரெஞ்சுப் புரட்சி வரலாற்றின் முதல் பாகக் கைப்பிரதியை நண்பர் ஜான் ஸ்டூவர்ட் மில்லிடம் படிக்கக் கொடுத்திருந்தார். 1835இல் அது வேண்டாத காகிதம் என்று கருதப்பட்டு அடுப்பில் எரிந்துபோயிற்று. கார்லைல் முழுவதையும் மீண்டும் எழுதினார்.


#6 பழுப்புத்தாள்

ஐயா வாருங்கள். கதை பிரமாதம், ஆனால் கார்லைல் நாவலாசிரியர் இல்லையே. ஒரு தடவைக்கு மன்னித்தோம் :)

எரிந்ததுதான் வேண்டுமென்றால் ரஷ்யாவுக்குப் போனாலே போதும். 1852 பிப்ரவரியில் ஒரு பின்னிரவில் நிக்கோலாய் கோகோல் 'மரித்த ஆன்மாக்கள்' இரண்டாம் பாகத்தைக் கணப்பில் போட்டார். வேலைக்காரப் பையன் வேண்டாம் என்று கெஞ்சியதாகச் சொல்வார்கள். பத்தே நாளில் அவரும் போய்விட்டார். நமக்குக் கிடைத்திருப்பது பழைய வரைவுகளிலிருந்து மிஞ்சிய அத்தியாயங்கள்தான்.

எண்பது வருஷம் கழித்து, கோகோலைக் குருவாக நினைத்த மிகயீல் புல்காகோவ் அதையே செய்தார். 1930 மார்ச்சில் சோவியத் அரசாங்கத்துக்கு எழுதிய கடிதத்திலேயே, சாத்தானைப் பற்றிய நாவலின் வரைவை என் கையாலேயே அடுப்பில் போட்டேன் என்று சொல்கிறார். சாமி கேட்ட ஆதாரம் இது, எழுத்தாளரின் ஒப்புதல் வாக்குமூலம். பிறகு நினைவிலிருந்து மறுபடி எழுதத் தொடங்கினார். கண் மங்கிப் படுக்கையில் கிடந்தபோதும் திருத்தங்களைச் சொல்லச் சொல்ல மனைவி எலெனா எழுதினாள். 1940இல் இறந்தார். 'மாஸ்டரும் மார்கரீட்டாவும்' ஒரு மாத இதழில், அதுவும் வெட்டுக் கொத்தோடு, 1966-67இல்தான் வந்தது. கால் நூற்றாண்டுக்கு மேல் எலெனா அதைக் கட்டிக் காத்திருக்கிறாள்.

அந்த நாவலில் சாத்தான் சொல்லும் வரி உங்களுக்குத் தெரியும்: 'கையெழுத்துப் பிரதிகள் எரிவதில்லை.' சொந்தமாக எரித்த ஒருவர்தான் அதை எழுதினார்.


#7 கறையான்

அந்த வரியைப் படிச்சப்ப எனக்கு அனல்வாதம்தான் ஞாபகம் வந்தது. சம்பந்தர் ஏட்டை நெருப்புல போட்டும் கருகாம பச்சையா வந்ததாம். அடுத்தது புனல்வாதம், வைகையில விட்ட ஏடு எதிரேறிப் போச்சுன்னு. நம்ம ஆளுங்க இதையெல்லாம் ஆயிரம் வருஷம் முன்னாடியே பாடி வெச்சிட்டாங்க.

புனல்வாதத்துக்கும் ஒரு நாவலாசிரியர் இருக்காரு. ஆர்.கே. நாராயண். 'சுவாமியும் நண்பர்களும்' பிரதியைப் பதிப்பாளருங்க வரிசையாத் திருப்பி அனுப்புறாங்க. பிரதி அப்ப இங்கிலாந்துல இருந்த நண்பர்கிட்ட. நொந்துபோய், அதுல ஒரு கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில போட்டுடுன்னு எழுதிட்டாரு. நண்பர் போடல. கிரகாம் கிரீன் கையில கொண்டுபோய்க் கொடுத்தாரு. கிரீன் படிச்சுட்டு, தானே பதிப்பாளர் தேடி, 1935ல புத்தகம் வந்தது. ஏடு எதிரேறிடுச்சு :)


#8 சந்தேகச்சாமி

கறையான், இதை ஒத்துக்கறேன். நாராயணே சொன்னது. உவமையும் நல்லாருக்கு.


#9 தூசிதட்டி

தாஸ்தாயெவ்ஸ்கி இல்லாமல் இந்த இழையா? இது தொலைந்த கதை இல்லை, தொலையவிருந்த கதை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1865இல் கடன் கழுத்தை நெரிக்க, ஸ்டெல்லோவ்ஸ்கி என்ற பதிப்பாளரிடம் மூவாயிரம் ரூபிளுக்கு ஒப்பந்தம் போடுகிறார். 1866 நவம்பர் 1க்குள் புது நாவல் ஒன்று தரவேண்டும். தராவிட்டால் அடுத்த ஒன்பது வருஷத்துக்கு அவர் எழுதுவதையெல்லாம் காலணா கொடுக்காமல் ஸ்டெல்லோவ்ஸ்கி அச்சடித்துக்கொள்ளலாம். நம் ஆள் என்ன செய்தார்? 'குற்றமும் தண்டனையும்' தொடராக வந்துகொண்டிருந்தது, அதில் மூழ்கிப்போனார். அக்டோபர் பிறக்கும்போது கையில் ஒரு பக்கம்கூட இல்லை. நண்பர்கள், ஆளுக்கு ஓர் அத்தியாயம் எழுதித் தருகிறோம், கையெழுத்தை மட்டும் போடுங்கள் என்றார்கள். மாட்டேன் என்றுவிட்டார்.

அப்போதுதான் சுருக்கெழுத்து படித்த அன்னா என்ற இருபது வயதுப் பெண் வேலைக்கு வருகிறாள். பகலில் அவர் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் எடுப்பாள், ராத்திரி வீட்டில் விரித்து எழுதி மறுநாள் கொண்டுவருவாள். இருபத்தாறே நாளில் 'சூதாடி' முடிந்தது.

இதற்கப்புறம்தான் நாடகமே. கடைசி நாள் பிரதியைக் கொண்டுபோனால் ஸ்டெல்லோவ்ஸ்கி ஊரிலேயே இல்லை. வேண்டுமென்றே கிளம்பிப் போய்விட்டார். அலுவலகத்தில் இருந்தவர் வாங்கிக்கொள்ள எனக்கு அதிகாரமில்லை என்கிறார். இப்படி நடக்கும் என்று அன்னா வீட்டில் முன்கூட்டியே ஒரு வக்கீலிடம் யோசனை கேட்டு வைத்திருந்தார்கள். அதன்படி நாவல் நேரே காவல் நிலையத்துக்குப் போனது. ராத்திரி, கெடு முடியச் சில மணி நேரம் இருக்கையில், அதிகாரி பிரதியை வாங்கிக்கொண்டு தேதி போட்டு ரசீது கொடுத்தார். உலக இலக்கியத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்ட நாவல் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஒரு வாரம் கழித்து அன்னாவிடம் தாஸ்தாயெவ்ஸ்கி, புது நாவலுக்கு ஒரு கரு தோன்றியிருக்கிறது, பெண் மனசு பற்றிய யோசனை வேண்டும் என்கிறார். வயதான, நோயாளியான, கடனாளியான ஓர் ஓவியன். அவனுக்கு ஓர் இளம்பெண் மேல் காதல். அவளால் அவனை நேசிக்க முடியுமா? முடியும் என்கிறாள். அப்படியென்றால் அந்த ஓவியன் நான் என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பெண் நீங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்...

1867 பிப்ரவரியில் கல்யாணம். பிற்பாடு கணவரின் புத்தகங்களைத் தானே பதிப்பிக்க இறங்கி, அந்த வீட்டின் கடனையும் தீர்த்தது அதே அன்னாதான்.


#10 சந்தேகச்சாமி

இது அன்னாவோட நினைவுக்குறிப்புல இருக்கு. கல்யாணம் கேட்ட காட்சியில கொஞ்சம் மெருகு ஏத்தியிருக்கலாம், நாவலாசிரியரோட குடும்பம் நடத்தினவங்க தானே. ஒப்பந்தமும் கெடுவும் நிஜம்.

ரஷ்யாவுல இருக்கும்போதே ஒண்ணு. டால்ஸ்டாயோட மனைவி சோஃபியா 'போரும் அமைதியும்' முழுசையும் ஏழு தடவை கையால நகலெடுத்தாங்கன்னு எல்லாரும் போடுவீங்க. தயவுசெஞ்சு வேண்டாம். அவர் அத்தியாயங்களை ஓயாம அடிச்சுத் திருத்துவார், அவங்க திரும்பத் திரும்ப நல்லபடியா எழுதிக் கொடுத்தாங்க. சில பகுதிகள் எத்தனையோ தடவை. முழு நாவலும் ஆரம்பத்துலேர்ந்து ஏழு தடவைன்னு அர்த்தம் இல்ல. அவர் கிறுக்கலைப் படிக்க அந்த வீட்டுல அவங்களைவிட்டா ஆள் கிடையாதுங்கிறது மட்டும் உறுதி.


#11 மைக்கூடு

சாமி, நீங்கள் இழைக்கு வந்தால் பாதித் துணுக்கு செத்துவிடுகிறது. விக்டர் ஹியூகோ 'லே மிஸராப்ல்' எப்படிப் போகிறது என்று கேட்டுப் பதிப்பாளருக்குத் தந்தியில் வெறும் '?' அனுப்ப, அவர் '!' என்று பதில் அனுப்பினாரே, அதுவுமா இல்லை?


#12 சந்தேகச்சாமி

இல்ல. அந்தத் தந்தியை யாரும் கண்ணால பார்த்ததில்ல. இதே கதையை ஆஸ்கார் வைல்டு பேர்லயும் சொல்றாங்க. ஒரே துணுக்கு ரெண்டு பேர் சட்டையைப் போட்டுக்கிட்டு வந்தா, ரெண்டு பேருமே அதைச் செய்யலைன்னு வெச்சுக்கலாம்.


#13 ஓரக்குறிப்பு

சென்ற முறை விதி மீறியதற்குப் பரிகாரமாக ஒரு முழுமையான நாவலாசிரியை.

ஜேன் ஆஸ்டின் 1803இல் 'சூசன்' என்ற நாவலை கிராஸ்பி என்ற பதிப்பகத்துக்குப் பத்துப் பவுனுக்கு விற்றார். அவர்கள் அதை விளம்பரம் செய்தார்கள், வெளியிடவில்லை. ஆறு ஆண்டுகள் பொறுத்துவிட்டு 1809இல் 'திருமதி ஆஷ்டன் டென்னிஸ்' என்ற பொய்ப் பெயரில் கடிதம் எழுதினார். பிரதி தொலைந்திருந்தால் இன்னொன்று தருகிறேன், இல்லையேல் வேறிடத்தில் வெளியிட்டுக்கொள்கிறேன் என்பது சாரம். அந்தப் பெயரின் முதலெழுத்துகளைக் கோத்தால் ஆங்கிலத்தில் 'மேட்' என்று வரும். சினம் என்றும் பைத்தியம் என்றும் இரண்டு பொருளும் உண்டு. வேண்டுமென்றால் அதே பத்துப் பவுனைக் கொடுத்துப் பிரதியை எடுத்துக்கொள்ளலாம், வேறெங்கும் வெளியிட்டால் தடுப்போம் என்று பதில் வந்தது.

1816இல் அதே பத்துப் பவுன் கொடுத்துத்தான் மீட்டார்கள். அதற்குள் அவருடைய நான்கு நாவல்கள், ஆசிரியர் பெயர் இல்லாமலே, வந்து புகழ்பெற்றிருந்தன. தாம் அலமாரியில் பூட்டி வைத்திருந்தது 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' எழுதிய அம்மையாருடையது என்று பதிப்பாளருக்குத் தெரியாது. பணம் கைமாறிய பிறகுதான் அதைச் சொன்னதாகக் குடும்பத்தார் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த நாவலே 'நார்தாங்கர் அபி'. 1817 டிசம்பரில் வெளிவந்தது. அவர் அதே ஆண்டு ஜூலையில் காலமாகியிருந்தார்.


#14 பழுப்புத்தாள்

ஐயா, பரிகாரம் வட்டியோடு வந்துவிட்டது!


#15 இரவுவாசகி

ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. மேலே வந்த கதைகளில் பிரதியைக் காப்பாற்றியவர்கள் யார் என்று பாருங்கள். அன்னா, எலெனா, சோஃபியா. நான் இன்னும் சேர்க்கிறேன்.

நபக்கோவ் 'லோலிதா' வரைவை எரிக்கக் கிளம்பியபோது குறுக்கே நின்று தடுத்தவர் மனைவி வேரா. ஸ்டீபன் கிங் 'கேரி'யின் முதல் பக்கங்களைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டார். சிகரெட் சாம்பலைத் தட்டிப் பிரித்துப் படித்து, மேலே எழுது என்றவர் மனைவி தபிதா. ஜான் கென்னடி டூல் 1969இல் தற்கொலை செய்துகொண்டார், அவர் எழுதிய 'எ கான்ஃபெடரஸி ஆஃப் டன்சஸ்' யாரும் போடாமல் கிடந்தது. அம்மா தெல்மா விடவில்லை. எழுத்தாளர் வாக்கர் பெர்சியை விரட்டி விரட்டிப் பிடித்து, மை கலங்கி எழுத்தே சரியாகத் தெரியாத கார்பன் நகலைக் கையில் திணித்தார். சில பக்கம் படித்ததும் மோசமாக இருந்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்றுதான் பெர்சி உட்கார்ந்தாராம். மோசமாக இல்லை. 1980இல் வெளிவந்து மறுவருஷம் புலிட்சர் பரிசு.

மார்க்வெஸ் 1966இல் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' பிரதியைத் தபாலில் போட மனைவி மெர்சிடெஸுடன் போகிறார். 590 பக்கம். மெக்சிகோவிலிருந்து பியூனஸ் அயர்ஸ், 82 பெசோ ஆகும். கையில் 53தான். கட்டைப் பாதியாகப் பிரித்து ஒரு பாதியை அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால், போனது பின்பாதி! மீதி அனுப்ப வீட்டுச் சாமான்களை அடகு வைத்த பிறகு மெர்சிடெஸ் சொன்னாளாம்: இனி இந்த நாவல் மோசமாக இருந்துவிட்டால்தான் பாக்கி.

இத்தனை பேர் காப்பாற்றியிருக்கிறார்கள். ஆனால் துணுக்குப் பட்டியல்களில் பெரிய எழுத்தில் பெயர் வருவது ஹாட்லிக்கு மட்டும். 'ஹெமிங்வேயின் பெட்டியைத் தொலைத்த மனைவி.' திருடியவனைப் பற்றி யாரும் பேசுவதில்லை.


#16 சந்தேகச்சாமி

இரவுவாசகி, மறுக்கறதுக்கில்ல. மார்க்வெஸ் கதைக்கு மட்டும் ஒரு அடிக்குறிப்பு. 2007ல கார்த்தஹேனா மேடையில அவரே சொன்னது அது. அவர் சொன்னாருங்கிறது உறுதி. ஆனா அவர் கதைசொல்லி, பெசோக் கணக்கு வரைக்கும் நான் சூடம் அணைக்க மாட்டேன்.

உங்க பட்டியலுக்கு நேர் எதிரா நிக்கிறது ஃபேனி. ஸ்டீவன்சன் 'ஜெகில் அண்ட் ஹைட்' முதல் வரைவை 1885ல எழுதிப் படிச்சுக் காட்டினார். மனைவி ஃபேனி, இது வெறும் திகில் கதையாப் போச்சு, உள்ளர்த்தம் கைநழுவிடுச்சுன்னு சொன்னாங்க. அவர் கோபத்துல மாடிக்குப் போய், கொஞ்ச நேரம் கழிச்சு நீ சொன்னது சரின்னு சொல்லி, அத்தனையும் நெருப்புல போட்டுட்டார். புதுசா எழுதினது 1886ல வந்துச்சு. இதுதான் மாற்றுமகன் லாயிட் சொன்ன குடும்பக் கதை, நூறு வருஷம் அப்படியே நம்பினோம்.

2000ல ஃபேனி எழுதின பழைய கடிதம் ஒண்ணு வெளிய வந்துச்சு. நண்பர் ஹென்லிக்கு எழுதினது. இது முழுக்கப் பிதற்றல், உங்ககிட்டக் காட்டிட்டு எரிச்சிடப்போறேன்னு எழுதியிருக்காங்க. அப்ப எரிச்சது யார்? ரெண்டு பக்கமும் சாட்சி இருக்கு, சாம்பல் மட்டும் இல்ல.


#17 இரவுவாசகி

ஃபேனிதான் எரித்தாள் என்றே வைத்துக்கொள்வோம். எரித்ததால்தானே இப்போது நம் கையில் இருக்கும் 'ஜெகில் அண்ட் ஹைட்' கிடைத்தது? நல்ல எடிட்டர் என்பேன் :)


#18 கறையான்

எரிக்கச் சொல்லியும் எரிக்காத எடிட்டர் ஒருத்தர் இருக்காரே, அவரைப் பத்தி யாரும் வாயைத் திறக்கலையே. மாக்ஸ் பிராட்.

காஃப்கா 1924ல சாகுறாரு. மேசையில பிராட் பேருக்குச் சீட்டு. நாட்குறிப்பு, கடிதம், பிரதி எல்லாத்தையும் படிக்காம எரிச்சிடு. பிராட் என்ன பண்ணாரு? 1925ல 'விசாரணை', 1926ல 'கோட்டை', 1927ல 'அமெரிக்கா'ன்னு வரிசையா அச்சுக்கு அனுப்பினாரு. 1939 மார்ச்சில நாஜிப் படை பிராகுக்குள்ள வர்ற நேரத்துல, மிச்சப் பிரதிகளைப் பெட்டியில அடைச்சுக்கிட்டுக் கடைசி நேர ரயில்ல தப்பிச்சாரு.

இது துரோகமா நட்பான்னு நான் இருபது வருஷமாக் குழம்பிக்கிட்டிருக்கேன்.


#19 தூசிதட்டி

குழப்பமே வேண்டாம் கறையான். நீ கேட்டாலும் நான் எரிக்கமாட்டேன் என்று காஃப்கா உயிரோடு இருக்கும்போதே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டதாக பிராட் எழுதியிருக்கிறார். அதற்கப்புறமும் காஃப்கா வேறு ஆளை நியமிக்கவில்லை. உண்மையாகவே எரியவேண்டுமென்றால் எரிக்கிற கையிடம் கொடுத்திருப்பார். அப்படி ஒரு கையும் இருந்தது. கடைசிக் காலத்தில் கூட இருந்த டோரா டயமண்ட் அவர் கண்ணெதிரிலேயே சில குறிப்பேடுகளை எரித்தாள். எரிக்காமல் அவள் ஒளித்து வைத்திருந்த மிச்சத்தை 1933இல் நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ அள்ளிக்கொண்டு போனது.

ஆனால் நபக்கோவ் விஷயத்தில் எனக்கு நேர்மாறான கருத்து. வேரா 'லோலிதா'வைக் காப்பாற்றியது சரி. சாகும்போது முடிக்காமல் விட்ட 'தி ஒரிஜினல் ஆஃப் லாரா'வை எரித்துவிடு என்று சொல்லியிருந்தார். 138 குறிப்பட்டைகள். வேராவால் எரிக்கவும் முடியவில்லை, வெளியிடவும் மனம் வரவில்லை. மகன் திமித்ரி 2009இல் வெளியிட்டார். அமெரிக்கப் பதிப்பில் அட்டைகளை அப்படியே படமெடுத்து, பிய்த்தெடுத்து நாமே வரிசை மாற்றிக்கொள்ளத் தோதாக ஓரத்தில் துளை வேறு போட்டிருந்தார்கள். வாக்கியத்தை வாரக்கணக்கில் செதுக்குகிற மனிதருக்கு இதைவிட அவமானம் உண்டா?


#20 மைக்கூடு

எனக்கு அந்தப் புத்தகம் பிடித்திருந்தது. அட்டையில் அவர் அடித்துத் திருத்தியதைப் பார்ப்பது பட்டறைக்குள் எட்டிப் பார்ப்பதுபோல. மோசமான நாவல், நல்ல ஆவணம்.


#21 பழுப்புத்தாள்

தூசிதட்டி கெஸ்டபோ என்றதும் இரண்டு பேர் நினைவுக்கு வந்தார்கள்.

வாசிலி கிராஸ்மன். 'வாழ்வும் விதியும்' நாவலை முடித்து ஒரு பத்திரிகைக்குக் கொடுத்தார். 1961 பிப்ரவரியில் சோவியத் உளவுத்துறையான கேஜிபியின் ஆட்கள் வந்தார்கள். அவரைக் கைது செய்யவில்லை, நாவலைத்தான் கைது செய்தார்கள். பிரதி, வரைவு, கார்பன் தாள், கடைசியில் தட்டச்சு இயந்திரத்தின் ரிப்பன்வரைக்கும். ரிப்பனில் எழுத்தின் தடம் இருக்குமே! இருநூறு முந்நூறு வருஷத்துக்கு இதை வெளியிட முடியாது என்று கட்சி மேலிடம் சொன்னது. கிராஸ்மன் 1964இல் இறந்தார். நண்பர் ஒருவரிடம் ஒளித்து வைத்த பிரதி, நுண்படமாகி, எல்லை தாண்டி, 1980இல் சுவிட்சர்லாந்தில் புத்தகமானது. முந்நூறு வருஷம் என்றவர்கள் கணக்கு இருபதில் உடைந்தது.

இன்னொருவர் ஐரீன் நெமிரோவ்ஸ்கி. 1942இல் பிரான்ஸில் கைதாகி ஆஷ்விட்ஸில் மாண்டார். காகிதத் தட்டுப்பாட்டில் எறும்பு ஊர்வதுபோலப் பொடி எழுத்தில் நிரப்பிய ஒரு குறிப்பேட்டை மகள்கள் பெட்டியில் வைத்து ஒளிவிடம் ஒளிவிடமாகத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். அம்மாவின் நாட்குறிப்பு, படிக்கத் தாங்காது என்று பல பத்தாண்டு திறக்கவே இல்லை. மூத்தவள் டெனிஸ் ஒருவழியாகப் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தபோதுதான் அது நாவல் என்று தெரிந்தது. 'ஸ்வீத் ஃபிரான்ஸேஸ்', 2004. ஐந்து பாகம் திட்டமிட்டதில் இரண்டுதான் இருக்கிறது.


#22 கறையான்

சிறைன்னா கூகி வா தியாங்கோ. 1978, கென்யாவுல காமித்தி சிறை. எழுதத் தாள் கிடையாது. கழிப்பறைக் காகிதத்துல கிக்குயூ மொழியில முழு நாவல், தமிழ்ல 'சிலுவையில் தொங்கும் சாத்தான்'னு வந்ததே அது. கைதிங்களைச் சங்கடப்படுத்தவே சொரசொரன்னு கொடுத்த காகிதமாம். உடம்புக்கு ஆகாதது பேனாவுக்கு ஆச்சுங்கிறாரு. முடியப்போற நேரத்துல சோதனை போட்டு மொத்தத்தையும் பறிச்சுட்டாங்க. சில வாரம் கழிச்சு அதிகாரி திருப்பிக் கொடுத்து, இதுல தப்பு எதுவும் தெரியலை, ஆனா நீ ரொம்பக் கஷ்டமான கிக்குயூ எழுதறேன்னாராம்.

சிறை அதிகாரிகிட்டேர்ந்து வந்த மொழிநடை விமர்சனம்! ஸ்டைன்பெக் நாய்க்கு அடுத்த இடம் இவருக்குத்தான்.


#23 ஓரக்குறிப்பு

ஆல்பர்ட் காம்யு குறித்து ஒரு வரி. 1960 ஜனவரி 4 அன்று கார் விபத்தில் அவர் இறந்த இடத்தில் ஒரு தோல்பை கிடந்தது. அதனுள் 144 பக்கக் கைப்பிரதி, பல இடங்களில் நிறுத்தக்குறிகூட இல்லாமல். மகள் கேத்தரின் எழுத்தெழுத்தாகப் பிரித்து ஒழுங்கு செய்ய, 'முதல் மனிதன்' 1994இல் வெளிவந்தது. இரவுவாசகி அவர்களின் பட்டியலில் மகள்களுக்கும் இடம் ஒதுக்க வேண்டும்.


#24 மைக்கூடு

இத்தனையும் படித்தபின் முதல் வேலையாக நான் எழுதிக்கொண்டிருக்கும் கோப்பை மூன்று இடத்தில் நகலெடுத்து வைத்தேன். போன வருஷம் மடிக்கணினி கண்ணை மூடியபோது பதினொரு அத்தியாயம் போனது. படித்துப் பார்த்திருந்த ஒரே ஆள் என் தங்கை. போனால் போகட்டும் அண்ணா, அஞ்சாவது அத்தியாயம் மட்டும் திரும்ப எழுது என்றாள். அந்த ஒன்றைத்தான் எழுதியிருக்கிறேன்.

சாமி, நாய் விஷயம் என்ன ஆயிற்று? மூன்று நாளாக மௌனம்.


#25 சந்தேகச்சாமி

தேடிப் பார்த்தேன். சுருளோட கிழிஞ்ச முனையில, அவர் கையாலேயே, நாய் தின்னுடுச்சுன்னு எழுதி வெச்சிருக்கார். நாயோட பேரும் போட்டிருக்கு, பாட்ச்கி. நான் போட்ட விதிப்படி 'பிரதியே சாட்சி'ன்னு வருது.

டெலிடைப்பை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.